மூலிகைக்குள் குடியிருக்கும் பற்றீரியா: மருந்து செடியுடையதா, உள்ளே இருப்பதுடையதா?

சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்பு எடுத்துவிட்டேன். மூலிகைச் செடிகளின் வேர், தண்டு, இலைக்குள்ளேயே சில பற்றீரியாக்கள் செடிக்கு எந்த நோயும் கொடுக்காமல் வாழ்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, மற்ற நுண்ணங்கிகளை அடக்கும் பொருள் எதையாவது சுரக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஊர் ஹட்டன் பக்கம். செடிகளை நம் மலையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். மேற்பார்வை செய்யும் சேர் வெனிவெல்லை (மரமஞ்சள்) எடுக்கலாம் என்கிறார். எனக்கு வல்லாரையும் ஆடாதோடையும் மனதில் இருக்கின்றன. எதை எடுத்தால் நல்லது?

அதைவிட அடிப்படையான ஒரு சந்தேகமும் இருக்கிறது. ஒரு செடி கிருமியை அடக்குகிறது என்றால் அது செடியின் வேலையா, உள்ளே இருக்கும் பற்றீரியாவின் வேலையா? கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சொல்கின்றன. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

வைத்தியர் பேரன் எழுதியது:

தங்கச்சி, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு உறுத்துகிறது. எங்கள் தாத்தா பதுளைப் பக்கம் நாட்டு வைத்தியம் பார்த்தவர். காய்ச்சல், புண், வயிற்றோட்டம் எல்லாவற்றுக்கும் வெனிவெல் கொடுப்பார். அதன் மஞ்சள் நிறத்திலேயே மருந்து இருக்கிறது என்பார். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவைத் தூக்கி ஒரு கிருமியின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமா?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டியது. தாத்தா எல்லா இடத்துச் செடியையும் எடுக்க மாட்டார். கான் (வடிகால்) ஓரத்தில் முளைத்த வல்லாரையைத் தொடமாட்டார். நிழலில், கல் இடுக்கில் வளர்ந்த ஆடாதோடைக்கு வீரியம் அதிகம் என்பார். காரணம் கேட்டால் மண் என்று மட்டும் சொல்வார்.

பெற்றித்தட்டு எழுதியது:

சாரல், பேரன் தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. நுண்ணங்கிகளோடுதான் என் நாள் முழுவதும் போகிறது, அதனால் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெனிவெல். அதன் மஞ்சள் நிறம் பெர்பரின் என்ற சேர்வையால் வருவது. அதைச் செடியே தயாரிக்கிறது. பெர்பரினுக்குப் பற்றீரியாவை அடக்கும் சக்தி உண்டு என்பதும் தெரிந்த விஷயம். ஆக தாத்தா சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பெர்பரின் தனியாகப் போனால் ஸ்டஃபைலோகொக்கஸ் ஓரியஸ் அதை இறைத்து வெளியே தள்ளிவிடும். அதற்கென்றே அந்தப் பற்றீரியாவின் மென்சவ்வில் ஒரு பம்பி இருக்கிறது. பெர்பரின் உள்ள வேறு சில செடிகள் அந்தப் பம்பியை அடைக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்தே வைத்திருப்பதை 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். முழுச் செடியைக் கஷாயம் வைப்பதற்கும் ஒரு பொருளைத் தனியே பிரித்துக் குளிசையாக்குவதற்கும் வித்தியாசம் வருவது இப்படித்தான்.

இனி பற்றீரியா பக்கம். எல்லா மூலிகையிலும் நடப்பதாக நினைத்துவிட வேண்டாம், சிலவற்றில் மட்டும் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் மேட்டான்சின். 1972இல் எத்தியோப்பியாவிலிருந்து வந்த மேட்டெனஸ் என்ற செடியில் இந்தப் புற்றுநோய் எதிர்ப்புப் பொருளைக் கண்டார்கள். 1977இல் ஒரு பற்றீரியாவிலிருந்து கிட்டத்தட்ட அதே அமைப்புள்ள பொருள் கிடைத்தது. ஒரு பூக்கும் தாவரமும் ஒரு பற்றீரியாவும் இவ்வளவு சிக்கலான ஒரே மூலக்கூறைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்க முடியுமா என்ற சந்தேகம் அன்றே கிளம்பிவிட்டது. 2014இல் ஒரு ஜெர்மனிய ஆய்வுக் குழு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளின் வேருக்குள் வாழும் பற்றீரியாக் கூட்டமே மேட்டான்சினைத் தயாரிக்கிறது என்று காட்டியது. அப்புறம் வேறொரு இனத்தில் பார்த்தபோது செடி பாதி, பற்றீரியா பாதி என்று இரண்டும் சேர்ந்து செய்வதாகத் தெரிந்தது. இன்று மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்தில் இதன் வழித்தோன்றல்தான் இருக்கிறது.

அது புற்றுநோய்ச் சமாச்சாரம். உங்கள் தலைப்புக்கு நேரே வருவது அவுஸ்திரேலியாவின் வடக்குப் பகுதிக் கதை. அங்குள்ள ஆதிக்குடிகள் ஒரு கொடியை அரைத்து, சூடாக்கி, வெட்டுக்காயத்தில் வைப்பார்கள். பாம்புக்கொடி என்று சொல்லலாம், தாவரவியல் பெயர் கென்னடியா நிக்ரிஸ்கன்ஸ். அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த கேரி ஸ்ட்ரோபலின் குழு அந்தக் கொடியின் தண்டுக்குள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பற்றீரியா வகையொன்றைக் கண்டது. அது சுரக்கும் பொருள்களுக்கு முனும்பிசின்கள் என்று பெயரிட்டு 2002இல் வெளியிட்டார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க் கிருமியையும் அவற்றில் சில அடக்கின. மக்கள் புண்ணுக்குக் கட்டும் செடிகளை முதலில் பாருங்கள் என்று ஸ்ட்ரோபல் வற்புறுத்திவந்ததற்கு இது நல்ல சான்று. பேரன் தம்பி, உங்கள் தாத்தாவின் அறிவைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த இடம் என்பதற்கு அதுதான் வழிகாட்டி.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அதே குழு 2003இல் கக்காடுமைசின் என்ற பொருள்களை வெளியிட்டது. அவற்றைத் தந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரெவிலியா இனத்து மரமொன்றுக்குள் இருந்தது. தேயிலைக்கு நிழலுக்காக நாம் நட்டிருக்கும் சவுக்கு மரமும் (சில்வர் ஓக்) கிரெவிலியாதான். இனம் வேறு, பேரினம் ஒன்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல காலமாக உண்டு.

நாலாம் நம்பர் மலை எழுதியது:

சவுக்கு மரம் என்றதும் உள்ளே வந்தேன். தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகம். எங்களுக்கு மனிதப் புண்ணைவிடத் தேயிலைக் கொப்புள நோய்தான் பெரிய தலைவலி. 1946இல் இலங்கைக்கு வந்த பங்கசு, இன்னும் விட்டபாடில்லை. தென்மேல் பருவ மழையும் மூட்டமும் சேர்ந்தால் கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாகப் போட்டுவிடும். இளம் இலையைத்தான் பிடிக்கிறது, நாம் பறிப்பதும் அதைத்தானே. செம்பு மருந்து அடித்துக்கொண்டே இருக்கிறோம். அடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு சரிவில் தாங்கியைச் சுமந்து ஏறுவார்கள்.

மூலிகையில் இருக்கும் இந்தப் பற்றீரியாவை எடுத்துத் தேயிலைக்குக் கொடுத்தால் வேலை செய்யுமா? நேராகப் பதில் சொல்லுங்கள் அண்ணே. 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்ட நேரத்தில் இயற்கை என்ற பெயரில் கண்டதையும் கொண்டுவந்தார்கள். திரும்பவும் நம்பி ஏமாறும் நிலையில் யாரும் இல்லை.

பெற்றித்தட்டு எழுதியது:

நேரான பதில்: ஓரளவு செய்யும், தனியாக நின்று செம்பு மருந்தின் இடத்தை இன்றைக்கே பிடிக்காது.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூடோமோனஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பற்றீரியாவைத் தேயிலையில் தெளித்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள். கொப்புள நோய் குறைந்தது, செடியின் சொந்தத் தற்காப்பு நொதியங்களும் கூடின. பற்றீரியா தானே போய்ப் பங்கசைக் கொல்வது ஒரு வழி. செடியைத் தட்டியெழுப்பி அதையே சண்டைக்குத் தயாராக்குவது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் நெல், மஞ்சள், வாழைக்கெல்லாம் விவசாயிகள் சூடோமோனஸ் தூளைச் சாதாரணமாக வாங்கிப் பாவிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பழத்தோட்டத்து மண்ணில் கிடைத்த பசிலஸ் என்ற பற்றீரியா வகையொன்று செரனேட் என்ற பெயரில் பல நாடுகளில் விற்பனையாகிறது.

இடைஞ்சல் எங்கே என்றால், இலைக்கு மேல் தெளிக்கும் பற்றீரியாவை நம் மழை கழுவிவிடும், வெயிலின் புறஊதாக் கதிர் கொன்றுவிடும். முதல் வாரம் செம்பு அடித்துவிட்டு அடுத்த வாரம் பற்றீரியா தெளித்தால் அதுவும் வீண், செம்பு இரண்டையும்தான் கொல்லும். இலைக்குள்ளேயே குடியேறக்கூடிய வகைகளில் எனக்கு நம்பிக்கை வருவது இதனால்தான். உள்ளே போய்விட்டால் மழையும் வெயிலும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஆடாதோடைக்குள் சுகமாக இருந்தது தேயிலைக்குள்ளும் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தேயிலைக்குத் தேயிலைச் செடியிலேயே தேடுவது புத்திசாலித்தனம். கவ்வாத்துக்குப் பிறகு தெளிக்காமல் விட்ட பழைய விதைத் தேயிலை எங்காவது இருந்தால் அங்கே தொடங்கலாம்.

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். இந்த இழையை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். 2021இல் கப்பலில் வந்த உரத்தில் எர்வினியா இருக்கிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து, பற்றீரியா என்றாலே பயிரை அழுகவைப்பது என்றுதான் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். செடிக்குத் துணையாக நிற்கும் பற்றீரியா என்றால் அவரைக் குடும்ப வேர்முடிச்சைத் தாண்டி எதுவும் சொல்லத் தெரிவதில்லை.

மழை விழுந்ததும் எழும்பும் மண்வாசனையே ஸ்ட்ரெப்டோமைசிஸ் சுரக்கும் ஜியோஸ்மின்தான் என்று சொன்னால் கண்களை விரிப்பார்கள். அதே குடும்பத்திலிருந்துதான் 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸும் செல்மன் வாக்ஸ்மனும் ஸ்ட்ரெப்டோமைசின் எடுத்தார்கள், காசநோய்க்கு முதல் மருந்து கிடைத்தது என்று சேர்த்துச் சொல்வேன்.

என் கேள்வி: பாடசாலை ஆய்வுகூடத்தில், இருக்கிற சாமான்களோடு, இதில் எவ்வளவு தூரம் செய்யலாம்? எங்களிடம் வளர்ப்பு அடுப்பும் இல்லை, நல்ல நுணுக்குக்காட்டியும் இல்லை.

சாரல் எழுதியது:

டீச்சர், நான் செய்யப்போகும் முறையை எழுதுகிறேன், பிழை இருந்தால் அண்ணன் திருத்தட்டும்.

செடித்துண்டைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி மண்ணை நீக்குவது. பிறகு 70 சதவீத எத்தனோலில் ஒரு நிமிடம், சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் சில நிமிடம், மறுபடி எத்தனோல், கடைசியாகக் கிருமிநீக்கிய தண்ணீரில் பல தடவை அலசுவது. வெளித்தோலில் ஒட்டியிருப்பவை எல்லாம் செத்தால்தான் வளர்வது உள்ளே இருந்தது என்று சொல்லலாம். அப்புறம் கிருமிநீக்கிய கத்தியால் வெட்டி, வெட்டு முகம் கீழே படும்படி ஏகார் தட்டில் (நுண்ணங்கி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) வைப்பது. பங்கசு முந்திக்கொள்ளாமல் இருக்க ஊடகத்தில் நிஸ்டாட்டின் சேர்ப்பது. வருகிற கூட்டங்களைத் தனித்தனியே பிரித்து, ஸ்டஃபைலோகொக்கஸுக்கும் ஈ.கோலைக்கும் எதிராக வைத்து, சுற்றிலும் தெளிவாகத் தெரியும் தடைவளையத்தை மில்லிமீற்றரில் அளப்பது.

பெற்றித்தட்டு எழுதியது:

முறை சரி. ஒரே ஒரு படியைச் சேருங்கள், அது இல்லாவிட்டால் முழு ஆய்வையும் யாரும் நம்பத் தேவையில்லை: கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டைத் தனித் தட்டில் பூசிவையுங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் வெளித்தோல் சுத்தமாகவில்லை என்று அர்த்தம், அந்தத் தொகுதியைத் தூக்கிப் போட வேண்டும். இந்த வரியே இல்லாத கட்டுரைகளைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதுண்டு.

இன்னொன்று பொறுமை. பசிலஸ் ஒரு இரவில் தட்டு முழுக்கப் பரவிவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் சுண்ணாம்புத் தூள் தூவியது போலத் தலைகாட்டும். மூன்றாம் நாளே தட்டை வீசுகிறவர்களுக்குப் பசிலஸ் மட்டும்தான் கிடைக்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான், அங்கே அறையில் வைத்தால் இன்னும் தாமதமாகும். டீச்சர், உங்களுக்கும் இது பொருந்தும்.

பாடசாலைக்கு: பிரஷர் குக்கரே போதும், 15 இறாத்தல் அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்தால் ஊடகம் கிருமிநீங்கும். ஆனால் தயவுசெய்து பிள்ளைகள் கையில் நோய்க் கிருமி எதையும் கொடுக்காதீர்கள். எதிராளியாகப் பேக்கரி ஈஸ்டையோ, அழுகிய இஞ்சியில் வரும் பங்கசையோ வைத்தால் போதும், தடைவளையம் தெரியும். 37 பாகையில் வளர்க்க வேண்டாம், அது நம் உடம்பில் வளரக்கூடியவற்றுக்கு வசதியான சூடு. தட்டை மூடி நாடா ஒட்டிவிட்டுத் திறக்காமலே பார்க்க வேண்டும். முடிந்ததும் குக்கரில் வைத்துக் கொன்ற பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.

வார்டு பத்து எழுதியது:

நான் தாதி. இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். பயமும் ஆசையும் ஒன்றாக வருகின்றன.

ஆசை எதற்கென்றால், எங்கள் வார்டில் மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போவதைக் கண்ணால் பார்க்கிறோம். மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றால் 2019இல் மட்டும் உலகத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புதிதாக ஒன்று எங்கிருந்து வந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்.

பயம் எதற்கென்றால், இந்த மாதிரிப் பேச்சு வெளியே போனால் என்னவாக மாறும் என்று எனக்குத் தெரியும். இலைக்குள்ளேயே அன்டிபயோட்டிக் இருக்கிறதாம் என்று ஒருவர் பகிர்வார், கவ்வாத்துக் கத்தி பட்ட காலில் பச்சை இலையை மென்று வைத்துக்கொண்டு வருவார்கள். இலையில் ஒட்டிய மண்ணில் ஏற்பு வலிக் கிருமியின் வித்தி இருக்கலாம். சீனி வியாதிக்காரர்கள் இப்படிச் செய்துவிட்டு, கால் கறுத்த பிறகு மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்க முடிவதில்லை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஏற்பு ஊசிக்கு வாருங்கள். இதை இந்த இழையிலேயே பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பெற்றித்தட்டு எழுதியது:

> இலைக்குள்ளேயே அன்டிபயோட்டிக் இருக்கிறதாம் என்று ஒருவர் பகிர்வார்

அக்கா, நீங்கள் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒத்துக்கொள்கிறேன். ஆய்வுகூடப் பக்கத்திலிருந்தும் சில காரணங்களைச் சேர்க்கிறேன்.

தட்டில் வளையம் விழுந்தால் மருந்து கிடைத்துவிட்டதென்று நினைப்பது பெரிய தப்பு. பசிலஸ் வகைகள் சேர்ஃபக்டின், இடூரின், ஃபென்ஜைசின் என்று மூன்று கொழுப்புப் பெப்தைட்டுகளைத் தாராளமாகச் சுரக்கின்றன. பங்கசின் மென்சவ்வைக் குலைப்பதில் பின்னிரண்டும் கெட்டிக்காரர்கள், பயிருக்கு அருமையானவை. ஆனால் சேர்ஃபக்டின் நம் செங்குருதிக் கலத்தையும் உடைத்துவிடும். தட்டில் அழகான வளையம் போடும் பொருளை நாளத்தில் ஏற்ற முடியுமா?

செடிக்குள் இருப்பதெல்லாம் நல்லவை என்பதும் இல்லை. ஸெரேஷியா, ஸ்டெனோட்ரோபோமோனஸ் போன்றவை வேரோடு ஒட்டி வாழ்கின்றன, பங்கசையும் விரட்டுகின்றன. அவையே பலவீனமான நோயாளிக்கு வார்டில் தொற்றாகவும் வருகின்றன. ஆகவே சாரல், எது வளர்ந்தாலும் முதலில் அது யார் என்று பாருங்கள். 16எஸ் மரபணுவை வாசித்தால் பேரினம் வரை நம்பிச் சொல்லலாம். பசிலஸ் கூட்டத்துக்குள் இனத்தைப் பிரிக்க அது போதாது, ஜைர்பி மரபணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய பொருளையே திரும்பவும் கண்டுபிடிப்பது இந்தத் துறையின் பெரிய சாபம். மண் அக்டினோபற்றீரியாக்களில் (ஸ்ட்ரெப்டோமைசிஸ் சேர்ந்த பெருங்கூட்டம்) கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் தயாரிக்கும், பத்துக்கு ஒன்று ஸ்ட்ரெப்டோதிரிசின் தயாரிக்கும். முனும்பிசின் வந்து இவ்வளவு வருடமாகியும் மருந்துக்கடைக்கு வரவில்லை. இதைச் சொல்வது யாரையும் சோர்வடையச் செய்வதற்காக அல்ல. இறுதி வருட ஆய்வில் ஒரு மருந்து கிடைக்காது. நம் மலைச் செடிகளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்ற நம்பகமான பதிவு கிடைக்கும், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கொட்டகலை எழுதியது:

புதியவன். ஒரு சின்னச் சந்தேகம். கொத்தமல்லியும் வெனிவெல்லும் போட்டு நாம் நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறோம்? பற்றீரியா எல்லாம் செத்துப்போயிருக்குமே. அப்புறம் அதற்கு எப்படி மருந்தில் பங்கு?

பெற்றித்தட்டு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பெரும்பாலானவை செத்துவிடும், பசிலஸின் வித்திகள் மட்டும் கொதிநீரைத் தாங்கும். ஆனால் பற்றீரியா உயிரோடு கோப்பைக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. செடி வளரும் காலத்திலேயே அதன் பங்கு முடிந்துவிடலாம். சமோமில் என்ற மூலிகைச் செடிக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸையும் பசிலஸையும் சேர்த்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், செடியின் சொந்த மருந்துப் பொருளில் ஒன்று கூடியது. எகிப்தின் ஒரு பண்ணையில், ஒரே மண்ணில் நட்ட மூன்று மூலிகைகளும் வேரைச் சுற்றி வெவ்வேறு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டன. செடி தனக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் மண்ணில் இருப்பவர்களிலிருந்துதானே தேர்ந்தெடுக்க முடியும்? பேரனின் தாத்தா மண் என்று ஒரே சொல்லில் முடித்ததை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

வைத்தியர் பேரன் எழுதியது:

அண்ணே, இதை வாசித்த பிறகு எனக்கு இருந்த வருத்தம் போய்விட்டது. தாத்தா இருந்திருந்தால் உங்களைத் தேடி வந்து பேசியிருப்பார்.

ஆனால் இன்னொரு வருத்தம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொத்தல ஹிம்புட்டு தெரியும்தானே, சீனி வியாதிக்கு அதன் மரத்தில் கோப்பை கடைந்து தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் காலகாலமாகப் பாவித்த செடி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அதன் சாறு பற்றிக் காப்புரிமைகள் பதிவாகிவிட்டன. பற்றீரியா விஷயத்தில் இது இன்னும் சுலபம் இல்லையா? செடியைக் கட்டுக்கட்டாகக் கடத்தத் தேவையில்லை, ஒரு சிறு குப்பியில் போய்விடும். அதற்குப் பிறகு செடியும் வேண்டாம், அதை அடையாளம் காட்டிய ஆளும் வேண்டாம்.

பெற்றித்தட்டு எழுதியது:

தம்பி சொல்வது உண்மை. கொத்தல ஹிம்புட்டு நான் மேலே சொன்ன மேட்டான்சின் செடிகளின் குடும்பம்தான், ஆகவே அதன் வேருக்குள் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். 1992இன் உயிரியல் பல்வகைமைச் சமவாயம் மரபுவளத்தின்மீது அந்தந்த நாட்டுக்கு உரிமை உண்டென்று எழுதிவைத்தது. நுண்ணங்கியும் அதில் அடங்கும். நடைமுறையில் நம்மைக் காப்பாற்றுவது பதிவுதான். எந்த இடம், எந்த நாள், யார் காட்டினார், எந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதி, உலர்த்திய செடி மாதிரியைப் பேராதனை உலர்தாவரகத்தில் அடையாளம் காணச் செய்து, பற்றீரியாவின் பிரதியை இங்கேயே கிளிசரோலில் உறையவைத்து வைக்க வேண்டும். பிறகு யார் வந்து கேட்டாலும் இது இங்கிருந்து வந்தது என்று காட்ட ஆதாரம் இருக்கும்.

நாலாம் நம்பர் மலை எழுதியது:

யார் காட்டினார் என்பதில் ஒரு வார்த்தை. எந்தச் செடி எங்கே முளைக்கிறது என்று தோட்டத்தில் அதிகம் தெரிந்தவர்கள் கொழுந்து எடுக்கும் அம்மாமார். காய்ச்சலுக்கு, குழந்தைச் சளிக்கு, அட்டை கடித்த இடத்துக்கு என்று மலையிலேயே பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். நிலம் அவர்களுடையதில்லை, லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டுகூட அநேகருக்குச் சொந்தமில்லை. அவர்கள் அறிவாவது அவர்கள் பெயரில் இருக்கட்டும். தங்கச்சி, கேட்டு, சம்மதம் வாங்கி, பெயரை நன்றி என்ற ஒரு வரியில் அடக்காமல் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள்.

சாரல் எழுதியது:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சேருடனும் பேசினேன். வெனிவெல்லை விட்டுவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். கடைகளில் விற்கும் தண்டெல்லாம் காட்டிலிருந்து வருகிறது, மெதுவாக வளரும் கொடி, ஆண் கொடியும் பெண் கொடியும் வேறு வேறு. ஒன்றை அடியோடு வெட்டினால் பக்கத்தில் இருப்பதற்குக் காய் பிடிக்காமல் போகலாம். ஆய்வுக்கென்று இன்னொரு தண்டை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

வல்லாரையை எடுக்கிறேன். ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கும் பதுளையிலும் 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவிலும் அது வளர்கிறது. ஒரே செடி, வேறு உயரம், வேறு மண், உள்ளே இருப்பவர்கள் மாறுகிறார்களா என்று பார்க்கலாம். கான் ஓரத்துச் செடியை எடுக்க மாட்டேன், அங்கே மலக் கிருமியும் உள்ளே போயிருக்கலாம். கூடவே ஆடாதோடையில் சில கிளைகள். பேரன் அண்ணே, நிழலில் வளர்ந்தது, வெயிலில் வளர்ந்தது என்று தாத்தா பிரித்த இடங்களை எனக்குக் காட்ட முடியுமா?

வைத்தியர் பேரன் எழுதியது:

கட்டாயம் காட்டுகிறேன் தங்கச்சி. வேலி ஆடாதோடை ஒன்று தாத்தா நட்டது, கல் இடுக்கில் நிற்பது இன்னொன்று, இரண்டும் அரை மைல் தூரத்துக்குள். வேர் வேண்டுமென்றால் பக்க வேரில் ஒரு துண்டு மட்டும் எடுங்கள், மண்ணைத் திரும்ப மூடிவிடுவோம். மழை நின்ற பிறகு வந்தால் பாதை நன்றாக இருக்கும்.

பெற்றித்தட்டு எழுதியது:

போகும்போது இரண்டு இடத்து மண்ணிலும் ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள், செடிக்குள் இருப்பது மண்ணில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பையில் இடத்தையும் உயரத்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா எழுத்து எத்தனோல் பட்டால் அழிந்துவிடும். எடுத்த துண்டுகளை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கோ மறுநாளோ தட்டில் போட்டுவிட வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வந்தால் படம் போடுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

நாங்களும் இஞ்சியில் தொடங்குகிறோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து அழுகிய கிழங்கும் நல்ல கிழங்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நிஸ்டாட்டின் இல்லாமல் பங்கசு முந்துவதைத் தவிர்க்க வேறு வழி இருக்கிறதா?

பெற்றித்தட்டு எழுதியது:

இருக்கிறது டீச்சர். கிழங்கின் உட்பகுதியை அரைத்துக் கிருமிநீக்கிய தண்ணீரில் கரைத்து, 80 பாகைச் சுடுநீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பூசுங்கள். பங்கசு பெரும்பாலும் செத்துவிடும், பசிலஸ் வித்தி மட்டும் மிஞ்சும். வேறு வகைகள் கிடைக்காது, ஆனால் பாடசாலைக்கு அது போதும். பசிலஸ் என்பதற்காகக் கவனத்தைக் குறைக்க வேண்டாம், தட்டுகளை மூடி நாடா ஒட்டியே வையுங்கள்.